மருந்தடித்தும் போகாத ஒட்டடை: செட்டிநாட்டு வீடு ஒன்றில் சிலந்திக் கட்டுப்பாடு – நிகழ்வு ஆய்வு

இதில் வரும் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் திரும்பத் திரும்பக் காணக் கிடைப்பதை ஒரே வீட்டின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். முகப்பு, முற்றம் வைத்த வளவு, சுற்றிலும் உள்வீடுகள், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, பின்னால் கிணறும் தோட்டமும். ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். காவலுக்கு ஓர் ஆள் உண்டு.

வந்த புகார்கள்

தை மாதம் அறுபதாம் கல்யாணம். மார்கழிக் கடைசியில் வீட்டைத் திறந்தபோது தூண் போதிகை, விட்டம், சரவிளக்கு என எங்கும் கறுத்த ஒட்டடை தொங்கியது. உடனே ஆள் வைத்து எல்லாச் சுவரிலும் மருந்து அடித்தார்கள். எட்டாம் நாள் காவல்காரர் வந்து நின்றார்: “மருந்து வாடையே இன்னும் போகலை ஆச்சி, அதுக்குள்ள மறுபடி கட்டிருச்சு.”

இரண்டாவது புகார், உள்வீட்டு நிலைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி. அதைப் பார்த்த பிறகு அந்த அறையில் யாரும் படுக்கவில்லை.

மூன்றாவதுதான் வீட்டாரைக் கலங்க வைத்தது. வளவில் பாய் விரித்துப் படுத்த இரண்டு பிள்ளைகளுக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கோடு இழுத்தாற்போலச் சிவந்து கொப்புளம். “எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கு, அதன் எச்சில் பட்டிருக்கு” என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள்.

மூன்றுக்கும் சிலந்தியே காரணம் என்று ஒரே மருந்தைத் தேடியதுதான் முதல் பிழை. இவை மூன்று வெவ்வேறு காரியங்கள். ஒன்றில் சிலந்திக்குப் பங்கே இல்லை.

யார் யார் குடியிருக்கிறார்கள்

கையில் கம்பை எடுக்குமுன் ஒரு பகலும் ஓர் இரவும் பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும். பகலில் வலையை விட்டுவிட்டு அதன் நேர் கீழே தரையைப் பாருங்கள். உதிர்ந்து கிடக்கும் இறக்கையும் பூச்சி ஓடுகளுமே அந்தச் சிலந்தி எதைத் தின்கிறது என்று சொல்லிவிடும். கொசு இறக்கையா, ஈசல் இறக்கையா, எறும்புத் தலையா, வண்டின் முதுகு ஓடா? இரவு எட்டு மணிக்கு மேல் விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துச் சுவரோரமாக நடந்தால் ஓடித் திரியும் சிலந்திகளின் கண்கள் சிறு புள்ளியாக மின்னும்.

ஒட்டடையின் சொந்தக்காரர் கிராஸ்ஸோபிரைசா லையோனி. உடல் நெல்மணி அளவு, வயிற்றின் பின்முனை கூம்பாகத் துருத்தியிருக்கும், கால்கள் மயிரிழை போல நீண்டிருக்கும். தொட்டால் ஓடாது. வலையிலேயே உடலைக் கிடுகிடுவெனச் சுழற்றி உருவமே தெரியாதபடி மங்கலாக்கிக்கொள்ளும். பெண் சிலந்தி முட்டைக் கொத்தை வாயில் கவ்விக்கொண்டு தொங்கும். மனிதருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. தோட்டத்து வட்டவலைச் சிலந்திகளில் பல, பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டும். இதற்கு அந்தப் பழக்கம் கிடையாது. பழைய நூலை அப்படியே விட்டு அதன் மேலேயே பின்னிக்கொண்டு போகும். அதில் தூசியும் அடுப்புப் புகையும் குத்துவிளக்குக் கரியும் படிந்து கனத்துத் தொங்குவதைத்தான் ஒட்டடை என்கிறோம். வீட்டில் தெரியும் ஒட்டடையில் பெரும்பகுதிக்கு இப்போது ஆளே இருக்காது.

உள்ளங்கைச் சிலந்தி ஹெட்டெரோபோடா வெனடோரியா. பழுப்பு நிறம், தட்டையான உடல், நண்டு போலப் பக்கவாட்டில் விரிந்த கால்கள். வலையே கட்டாது, பகலில் நிலைக்கும் சுவருக்கும் இடையிலான சந்தில் பதுங்கியிருந்து இரவில் கரப்பானை ஓடிப் பிடிக்கும். வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை போல ஒன்றைத் தாங்கிப் போனால் அது முட்டைப் பை. இது ஓர் அறையில் நிலையாகத் தங்கியிருக்கிறதென்றால் அங்கே கரப்பான் இருக்கிறது. இந்த வீட்டில் பழைய துணிப் பெட்டகத்துக்குப் பின்னால் இருந்தது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெயில் படும் சுவரில் ஈயைக் குறிவைத்துத் தாவும் குட்டைச் சிலந்திகள் மெனெமெரஸ், பிளெக்ஸிப்பஸ் இனங்கள். வலைக் குப்பையும் போடாது, கெடுதலும் செய்யாது. சுண்ணாம்புச் சுவரில் சிறு வெள்ளை நட்சத்திரம் ஒட்டினாற்போல இருப்பவை ஓய்கோபியஸ் என்னும் மிகச் சிறிய சிலந்தியின் கூடாரங்கள். அதற்கு எறும்புதான் பிடித்த இரை. அது வரிசையாகத் தெரிந்தால் அந்தச் சுவரில் எறும்புத் தடம் இருக்கிறதென்று பொருள்.

எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது பின்கட்டில். கவிழ்த்து வைத்த அண்டா, பூந்தொட்டி விளிம்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்புறம் ஆகிய இடங்களில் ஒழுங்கில்லாத வலுவான வலையும், சுற்றிலும் சிறு முள் துருத்திய உருண்டை முட்டைப் பையும் கண்டால், அது பழுப்பு விதவைச் சிலந்தியாக இருக்கலாம். லேட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மணற்கடிகை வடிவப் புள்ளி இருக்கும். இது இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. கூச்ச சுபாவம் உள்ளது, ஆனால் கை வைத்து நசுக்கினால் கடிக்கும், நன்றாக வலிக்கும். பின்கட்டுச் சாமானைத் தூக்குமுன் கவிழ்த்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கொப்புளத்தின் காரணம்

பிள்ளைகளின் பாய் கிடந்த இடத்துக்கு நேர் மேலே வெள்ளை டியூப் லைட். அதன் கீழே ஜமுக்காளத்தில் தேடியபோது கிடைத்தது, 7 முதல் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒல்லியான வண்டு. தலை கறுப்பு, கழுத்தும் நடு வயிறும் ஆரஞ்சு, குட்டையான நீலக் கறுப்பு இறக்கை மூடி. எறும்பு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். பீடெரஸ் இனத்தைச் சேர்ந்த வண்டு அது. கடிக்காது, கொட்டாது. தோலில் வைத்துத் தேய்த்து நசுக்கினால் அதன் உடல் நீரில் உள்ள பீடெரின் என்னும் நஞ்சு தோலைப் பொசுக்கும். உடனே தெரியாது. ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். தேய்த்த திசையில் கோடாக வருவதும், முழங்கை மடிப்பில் இருபுறமும் அச்சு வைத்தாற்போல வருவதும் இதன் அடையாளம். இரவில் தூக்கத்தில் தட்டிவிட்டது காலையில் நினைவில் இராது. கண்ணுக்குத் தெரிந்த சிலந்தியின் மேல் பழி விழுகிறது.

இந்த வண்டு ஈரமண்ணிலும் வயலோரத்திலும் பெருகும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஊருணியும் கண்மாயும் நிறைந்து நிற்கிற மார்கழி, தை மாதங்களில்தான் செட்டிநாட்டு வீடுகள் கல்யாணத்துக்குத் திறக்கப்படுகின்றன. வீடு முழுக்க வெள்ளை விளக்கு எரிகிறது, திறந்த முற்றம் வாசல் போல வரவேற்கிறது.

செய்ய வேண்டியது எளிது. மேலே ஊர்ந்தால் அடிக்கக் கூடாது; ஊதித் தள்ள வேண்டும், இல்லையேல் காகிதத்தில் ஏற விட்டு வெளியே போட வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அந்தக் கையால் கண்ணைத் தொடாமல் இருக்க வேண்டும். கொப்புளம் வந்துவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம். கண்ணருகே என்றாலோ பரவினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அக்கி என்று காவி பூசி நாளைக் கடத்துவது புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும்.

மருந்து ஏன் தோற்றது

சிலந்தி சுவரில் வயிறு பட ஊர்வதில்லை. எட்டுக் கால்களின் நுனி மட்டும்தான் தரையில் படும். கரப்பான் தன் மீசையையும் கால்களையும் ஓயாமல் வாயில் இழுத்துத் துடைத்துக்கொள்வதால் ஒட்டிய மருந்து உள்ளே போகிறது. சிலந்தியிடம் அந்த அளவு பழக்கம் இல்லை. ஒட்டடைச் சிலந்தியோ சுவரையே தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. நேராக மேலே பட்டால் சாகும், சுவரில் காய்ந்திருக்கும் மருந்தால் அநேகமாகச் சாகாது.

அடுத்த காரணம் செட்டிநாட்டுக்கே உரியது. வீட்டு உபயோகத்துக்கு அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பைரெத்ராய்டு வகை: டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின், சைபர்மெத்ரின். இவை காரத்தன்மை உள்ள பரப்பில் சிதைந்துவிடும். சுண்ணாம்புச் சுவர் காரத்தன்மை உள்ளது. சாதாரண வெள்ளையடித்த சுவர் என்றால் மருந்தை உறிஞ்சியும் விடும். டைல்ஸ் ஒட்டிய அடுக்குமாடிக் குளியலறையில் பல வாரம் நிற்கிற மருந்துக்குப் பின்கட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அந்த ஆயுள் இல்லை.

இன்னொன்று, சொல்லவே வேண்டாதது போலத் தோன்றினாலும் பலரும் மறப்பது: சிலந்தி செத்தாலும் ஒட்டடை விழாது. வலையை எடுக்க ஆள்தான் வேண்டும்.

தோற்றதோடு போகாமல் சேதமும் வந்தது. எண்ணெய்க் கரைசலாக வரும் இ.சி. வகை மருந்து, முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய வளவுச் சுவரில் மஞ்சள் வடுக்களாக இறங்கியிருந்தது. அந்தப் பூச்சை இன்று திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் சிலரே. நூறாண்டு பளபளத்த சுவரில் ஒரே மாலையில் கறை விழுந்தது மனதை வருத்துகிற காரியம்.

வீட்டு வைத்தியமாகச் சொல்லப்படும் வினிகர், எலுமிச்சைச் சாறு இரண்டும் இந்த வீடுகளுக்கு எதிரி. அமிலம் பட்டால் ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிமென்ட் மேற்பரப்பும் இத்தாலிப் பளிங்கும் மெருகிழந்து சொரசொரப்பாகும். புதினா எண்ணெய் மணக்கும். முற்றம் திறந்த வீட்டில் அந்த வாடை ஒரு நாள் கூடத் தங்காது. பாச்சை உருண்டையைத் திறந்த அறைகளில் இறைப்பதால் தலைவலிதான் மிச்சம், சிறு பிள்ளைகள் எடுத்து வாயில் போடும் ஆபத்து வேறு.

செய்த வேலை

ஒட்டடை அடிப்பதற்கும் முறை உண்டு. பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கம்பை இடமும் வலமும் வீசினால் கரியேறிய நூல் சுவரில் இழுபட்டுக் கறுப்புக் கோடு விழும். அதை ஈரத்துணியால் துடைத்தால் கரி சுண்ணாம்புக்குள் இறங்கி நிரந்தரமாகிவிடும். கம்பின் நுனியை வலையின் நடுவில் வைத்து, நூற்கண்டு சுற்றுவது போல ஒரே திசையில் திருக வேண்டும். வலை சுருண்டு கம்போடு வந்துவிடும், சிலந்தியும் முட்டையும் அதிலேயே சிக்கும். இரண்டு மூன்று திருகலுக்கு ஒரு முறை அந்தச் சுருளை வாளியில் உருவிப் போட வேண்டும். வாளியில் 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். சோப்பில்லாத வெறும் தண்ணீரில் சிலந்தி மிதந்து ஏறி வந்துவிடும்.

வளவுக் கூரைக்கு இழுத்து நீட்டும் அலுமினியக் கம்பு. நுனியில் மிருதுவான உருண்டை பிரஷ். மெருகுச் சுவரில் பிரஷைப் பழைய பருத்தி வேட்டித் துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும், துணி கறுத்ததும் மாற்ற வேண்டும். தென்னை ஈர்க்கு விளக்குமாறு மெருகில் கீறல் போடும். பர்மா தேக்கு நிலைகளின் செதுக்கு வேலைக்கு 2 அங்குலப் பெயிண்ட் பிரஷ் ஒரு கையில், வாக்குவம் குழாய் மறு கையில். பிரஷ் கிளறியதைக் குழாய் இழுக்கும். வாக்குவம் பையை அன்றே வெளியே கொட்டிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் முட்டை பைக்குள்ளேயே பொரிக்கும்.

மேலிருந்து கீழே, முகப்பிலிருந்து பின்கட்டு நோக்கி. தூசி பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும். சரவிளக்கைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பழைய மர கேசிங் வயரிங்கில் உறை உதிர்ந்திருப்பது சாதாரணம். ஓட்டுக் கூரையில் வௌவால் எச்சம் இருந்தால் என்-95 முகமூடி போட்டு, எச்சத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்த பிறகே அள்ள வேண்டும். கண்ணாடி எல்லோருக்கும், ஏனென்றால் அண்ணாந்து பார்த்து வேலை செய்கிறார்கள்.

நிலைகளில் ஒட்டியிருந்த மண்கூடுகளையும் பெயர்த்தார்கள். உள்ளே மயங்கிய சிலந்திகள் அடைந்து கிடந்தன. குளவி தன் குஞ்சுக்காகக் கொட்டி மயக்கிச் சேர்த்து வைத்தவை. இந்தக் குளவிகளில் ஒன்றுக்கு ஸ்கெலிஃப்ரான் மத்ராஸ்படனம் என்றே பெயர், நம் மதராஸை வைத்து. பூட்டுத் துளைகளை அடைக்கும் கூட்டை மட்டும் எடுத்துவிட்டு, பின்சுவரில் ஆளுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதை விட்டுவைப்பது நல்லது. சிலந்தியை அந்தக் குளவியைவிட நன்றாகப் பிடிப்பவர் வீட்டில் இல்லை.

இரையை அறுத்தது

முகப்பு வாசலுக்கு நேர் மேலே இருந்த 6500 கெல்வின் வெள்ளை டியூப்பை எடுத்து, 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. 9 வாட் பல்பு ஒன்றை வாசலிலிருந்து சுமார் 15 அடி தள்ளிச் சுற்றுச்சுவரில், வெளிச்சம் மட்டும் வாசலில் விழும்படி வைத்தார்கள். பூச்சிகள் நீல ஒளி மிகுந்த வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் அதிகம் வரும். வளவிலும் அப்படியே மாற்றி, படுக்கும் இடத்துக்கு மேல் எரிவதை நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குக் கொசுவலை, படுக்குமுன் பாயையும் தலையணையையும் உதறுவது. புதிய கொப்புளம் வராமல் நின்றதற்கு இந்த மாற்றம் போதுமாக இருந்தது.

கரப்பானுக்கு ஜெல் மருந்து, ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் உள்ளது. துவரம்பருப்பு அளவு சொட்டாகப் பெட்டகத்தின் பின்புறம், அலமாரிக் கீல், சமையல்கட்டுத் தொட்டியின் அடி ஆகிய இடங்களில். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லை நெருங்காது, இரண்டும் வீண். முதலில் மருந்தடித்த உள்வீடுகளில் ஜெல் சில வாரம் மந்தமாக வேலை செய்ததற்கு இதுவே காரணம். உள்ளங்கைச் சிலந்தியைக் கொல்லவில்லை. அகன்ற வாய்ப் பாட்டிலால் கவிழ்த்து மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

சந்துகளை அடைப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் வைக்கக் கூடாது. சிமென்ட் இறுகி ஈரத்தை உள்ளே அடைத்து, பக்கத்துப் பூச்சைப் பெயர்த்துவிடும். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. ஜன்னல்களுக்குச் சட்டத்தில் கொசுவலைக் கம்பி. பின்வாசல் கதவுக்கும் தரைக்கும் இடையில் ரப்பர் பட்டை. முற்றத்தை மூட முடியாது, மூடவும் கூடாது. பொரித்த குஞ்சுகள் நூலைக் காற்றில் விட்டு மிதந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

மூன்றாங்கட்டுச் சாதாரணச் சுவர்களுக்கு மட்டும் வெள்ளையடிப்பு. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர், 24 மணி நேரம் ஊறி ஆறியபின் துணியில் வடித்து இரண்டு பூச்சு. சிறு துளைகளும் அவற்றில் இருந்த முட்டைப் பைகளும் அதில் மூடிப்போயின. சுவரோடு அடுக்கியிருந்த விறகையும் வரட்டியையும் மூன்றடி தள்ளி, செங்கல் மேல் உயர்த்தி அடுக்கினார்கள். கொட்டான் என்னும் ஓலைக் கூடைகளும் எவர்சில்வர் சாமான்களும் மூடியுள்ள பெட்டிகளுக்குப் போயின.

பின்தொடர்ந்தது

முதல் ஒட்டடை அடிப்புக்குப் பிறகு 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் மறுபடி அடிக்க வேண்டும் என்று காவல்காரரிடம் தேதி குறித்துக் கொடுத்தார்கள். முதல் தடவை தப்பிய முட்டைகள் வெப்பமான நம் ஊரில் இரண்டு மூன்று வாரத்தில் பொரித்துவிடும். குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுமுன் இரண்டாம், மூன்றாம் அடிப்பு விழ வேண்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ஒரே தடவை அடிப்பவர்கள் கல்யாண ஆல்பத்தில் புது வலையைப் பார்க்கிறார்கள். விசேஷத்துக்கு 45 நாள் முன்னதாகத் தொடங்குவதுதான் சரியான கணக்கு.

15-ஆம் நாள் வளவில் கண்ட வலைகள் வெள்ளையாக, மெல்லியதாக இருந்தன. கரி ஏறவில்லை, ஒரு திருகலில் வந்தன. உள்வீட்டில் சுவரோரம் வைத்த பசை அட்டைகளில் கரப்பான் குஞ்சுகள் இன்னும் சிக்கின, அதனால் ஜெல்லைப் புதுப்பித்தார்கள். அட்டையைத் திறந்தபடி வைக்காமல் கூடாரமாக மடித்து அலமாரிக்கு அடியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பல்லிதான் மாட்டும். 30-ஆம் நாள் ஒட்டடை, மூன்றாங்கட்டுக் குளியலறை விளக்கடியில் மட்டும் அடர்த்தியாக இருந்தது. அங்கே மட்டும் பழைய வெள்ளை பல்பை மாற்ற மறந்திருந்தார்கள்.

வெள்ளி, செவ்வாயிலும் விளக்கு வைத்த பிறகும் ஒட்டடை அடிக்க ஆச்சி சம்மதிக்கவில்லை, அதற்கேற்ப நாள் குறித்தார்கள். திருவானைக்காவில் இறைவனுக்குப் பந்தல் போட்ட சிலந்தியின் கதை தெரிந்தவர், கொல்லவும் அவருக்கு மனமில்லை. தாவும் சிலந்திகளைச் சமையல்கட்டு ஜன்னலில் அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். ஈயையும் கொசுவையும் பிடிப்பதால் அது சரியான முடிவும்கூட.

இப்போது காவல்காரருக்குள்ள வேலை: மாதம் ஒரு நாள் உலர் அடிப்பு, வாரம் ஒரு நாள் கதவு ஜன்னல்களைத் திறந்து வெயில் காட்டுவது, ஐப்பசி மழைக்கு முன் ஓட்டுக் கூரை விளிம்பில் மழைநீர் வடியும் தகரத் தாழ்வாரத்தில் அடைத்த சருகை அள்ளுவது. சருகில் தேங்கும் தண்ணீரில் கொசு பெருகும், கொசு பெருகிய தாழ்வாரத்தின் அடியில்தான் அடுத்த ஒட்டடை தொடங்கும். இரவில் காவலுக்கு எரிவது சுற்றுச்சுவரில் உள்ள மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும்.